மடியில் ஒரு பாத்திரம்

ஜனவரி 12

அன்புள்ள அத்தைக்கு,

மருமகன் எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். பூனையும் சௌக்கியம். உங்கள் முழங்கால், கடை, பின்கட்டில் இருக்கும் மாடுகள் எல்லாம் எப்படி இருக்கின்றன என்று எழுதுங்கள்.

போனில் கேட்டால் ஆகாதா, என்ன பெரிய கடிதம் என்று நினைப்பீர்கள். நீங்களும் உங்கள் மகளும் போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே யாராவது ஒருவர் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைக் கோபத்தில் தூக்கிப் போட்டாலும், கோபம் தணிந்தபின் எடுத்துப் படித்துக்கொள்ளலாம். அந்த தைரியத்தில் எழுதுகிறேன். இது அவளுக்குத் தெரியாமல் எழுதும் கடிதம் இல்லை. அவளிடம் இன்னும் சொல்லாமல் எழுதும் கடிதம்.

விஷயம் தயிர். பால், வெண்ணெய், நெய், தேன், முட்டை என்று ஒவ்வொன்றாக விட்டாளே, அதில் எதற்கும் அவள் ஏங்கி நான் பார்த்ததில்லை. தயிர் மட்டும் விதிவிலக்கு. போன மாதம் காய்ச்சலில் கிடந்தபோது தூக்கத்தில் தயிர் கேட்டாள். விழித்ததும் நான் சொன்னால், "நானா? சும்மா இருங்க" என்கிறாள்.

அன்றிலிருந்து வேர்க்கடலையை அரைத்துப் பாலெடுத்துத் தயிராக்கப் பார்க்கிறேன். ஒரு நாள் தண்ணீராக நிற்கிறது, இன்னொரு நாள் புத்தகம் கட்டுகிற என் பட்டறைப் பசை மாதிரி நாறுகிறது. தயிரைப் பற்றி உங்களைவிடத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள்? வழி சொல்லுங்கள் அத்தை.

எங்கள் கல்யாணத்தன்று பேருந்து வரை உங்களை வழியனுப்ப நான்தான் வந்தேன். நீங்கள் பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்து கொண்டுவந்த இனிப்புப் பாத்திரத்தை மேல்தட்டில் வைக்கக் கை நீட்டினேன். "வேண்டாம் மாப்பிள்ளை, மடியிலயே இருக்கட்டும்" என்றீர்கள். உங்கள் மகள் ஒரு வாய்கூடத் தொடாமல் திரும்பிப் போன பாத்திரம் அது. அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

பதிலை எதிர்பார்க்கும்,
மருமகன்


ஜனவரி 27

மாப்பிள்ளைக்கு ஆசிகள்.

நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். முழங்கால் வலிக்கிறது, அது என் முழங்கால்தானே, வலித்துவிட்டுப் போகட்டும். மாடுகள் உங்களை விசாரித்தன.

பால்காரியிடம் வந்து கடலைத் தயிருக்கு வழி கேட்கிறீர்கள். கடலைக்கு மடி எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் உட்கார்ந்து கறப்பீர்கள் என்று கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நல்லவேளை, கூட்டம் இல்லாத நேரம்.

பாத்திரத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருக்க வேண்டாம். இரண்டு நாள் அடுப்பு முன்னால் நின்று கிண்டியது அது. பந்தியில் அவள் பக்கத்து இலை வரைக்கும் வந்தது. "அதை இந்த வரிசைக்குக் கொண்டு வராதீங்க" என்று பரிமாறுகிறவரிடம் சொன்னாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை, பரிமாறுகிறவரிடம் சொன்னாள். பெற்றவள் கையால் ஒரு வாய் சாப்பிட மாட்டாள் என்றால் அவளுக்கு என் தயிர் ஒன்றுதான் குறைச்சலா? எனக்கு வேறு வேலை இருக்கிறது.

பூனைக்காவது பால் உண்டா, அதற்கும் கடலைதானா?

அத்தை

கையெழுத்துப் போட்டபின் எழுதுகிறேன்: கடலையின் தோலை எடுத்தீர்களா இல்லையா? தோலோடு அரைத்தால் கசக்காமல் என்ன செய்யும்? ஊறவைத்துக் கையால் தேய்த்தால் கழன்று வரும். பாலைக் காய்ச்சும்போது பக்கத்திலேயே நின்று கிண்டுங்கள், அடி பிடித்தால் எல்லாம் போச்சு. விரலை விட்டால் சுடாமல் இதமாக இருக்கிற பதத்துக்கு ஆறவிடுங்கள். அப்புறம் ஓர் ஓரமாக வைத்துவிட்டு மறந்துவிட வேண்டும். நீங்கள் அரைமணிக்கொரு தரம் திறந்து பார்க்கிற ஆள். இங்கிருந்தே தெரிகிறது.


பிப்ரவரி 8

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் வசவும் அதன் அடியில் இருந்த தோல் விஷயமும் சேர்ந்தே வந்தன. இரண்டுமே உடம்புக்கு நல்லது. நாங்கள் நலம். பூனை எலி தின்கிறது. அதனிடம் கொள்கை பேச உங்கள் மகளுக்கே தைரியம் இல்லை.

தோலை எடுத்தேன். கசப்பு போய்விட்டது. நான் திறந்து பார்க்கிற ஆள் என்று கண்டுபிடித்தீர்களே, உண்மை. அதற்கு உங்கள் மகள் ஒரு வைத்தியம் செய்தாள். மிச்சம் மீதித் துணிகளை ஒட்டுப்போட்டு, நடுவில் பஞ்சு வைத்து, பாத்திரத்துக்கு ஒரு குல்லா தைத்தாள். அடியில் நாடா போட்டு இறுக்கிக் கட்டுகிறாள். முடிச்சை அவிழ்த்தால் மறுபடி போட எனக்குத் தெரியாது என்பதால் காலை வரை கை வைப்பதில்லை. சூடும் தங்குகிறது.

அவள் இப்போது பைகளும் போர்வைகளும் வீட்டிலேயே தைத்துத் தருகிறாள். சமையலறை மேசையில் பாதி அவளுடைய துணி, பாதி என்னுடைய பசை. பட்டறையில் வஜ்ஜிரப் பசை காய்ச்சுவதை அவள் பேச்சைக் கேட்டு விட்டுவிட்டேன், அது மாட்டுத் தோலாம். இப்போது மாவில்தான் பசை. அதனால் ஒரு விபத்து: போன வாரம் கூழ் என்று நினைத்து ஒரு கரண்டிப் பசையைத் தட்டில் போட்டுச் சாப்பிட்டேன். பாதி சாப்பிட்ட பிறகுதான் உப்பில்லையே என்று தோன்றியது. அவள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது ஒரே சிக்கல், உறை. எதைக் கொண்டு உறை ஊற்றுவது? எலுமிச்சை பிழிந்தால் திரிந்துபோகிறது. பாலில்லாத உறை ஏதாவது உண்டா?

மேசையின் பசைப் பக்கத்திலிருந்து,
மருமகன்


பிப்ரவரி 22

மாப்பிள்ளைக்கு,

பசையைச் சாப்பிட்ட வயிறு எப்படி இருக்கிறது? என் வயிறும் சரியில்லை. ராத்திரி ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டுத்தான் படுப்பேன், அதைக் கொஞ்ச நாளாக நிறுத்தி வைத்திருக்கிறேன். வயசானால் ஆயிரம் இருக்கும். விடுங்கள்.

இத்துடன் ஒரு துண்டுத் துணி வைத்திருக்கிறேன். தொலைத்துவிடாதீர்கள். ஆறின கடலைப்பாலில் அதைப் போட்டு, குல்லாவைக் கட்டிவிட்டுத் தூங்குங்கள். காலையில் துணியை எடுத்துப் பிழிந்துவிடுங்கள். மறுநாளைக்கு அந்தத் தயிரிலேயே ஒரு கரண்டி எடுத்து வைத்தால் போதும். இது எங்கள் வீட்டு வழக்கம், தூர ஊருக்குப் போகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவோம். துணியில் என்ன இருக்கிறது, ஏது இருக்கிறது என்று குடையாமல் சொன்னதைச் செய்யுங்கள்.

அப்படி விழுந்து விழுந்து சிரித்தாளா? சின்ன வயசில் சிரித்தால் விக்கல் வந்துவிடும் அவளுக்கு. இப்போதும் வருகிறதா?

அத்தை


மார்ச் 4

அன்புள்ள அத்தைக்கு,

உறைந்துவிட்டது!

பாத்திரத்தைச் சாய்த்தேன், அசையவில்லை. கரண்டியை விட்டேன், வெட்டிக்கொண்டு வந்தது. காலங்காத்தாலே நான் சமையலறையில் போட்ட சத்தத்தில் பூனை அலமாரி மேல் ஏறிவிட்டது.

அவள் எழுந்து வந்து சந்தேகத்தோடு விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள். அப்புறம் நின்றுகொண்டே ஒரு கிண்ணம் சாப்பிட்டாள். கிண்ணத்தை விரலால் வழித்தாள். "எங்க வீட்டு வாசனை அடிக்குதுங்க" என்றாள். கடலையில் எப்படி உங்கள் வீட்டு வாசனை வரும் என்று கேட்க வாயெடுத்தேன், அவள் கண் கலங்கியிருந்ததால் கேட்கவில்லை. விக்கலைப் பற்றிக் கேட்டீர்களே, சிரித்தாலும் வருகிறது, அழுதாலும் வருகிறது.

உங்கள் வயிறு இப்போது தேவலையா? மருத்துவரிடம் காட்டினீர்களா? பதிலில் இதற்கு முதலில் எழுதுங்கள்.

நன்றியுடன்,
மருமகன்


மார்ச் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் மத்தியானம் வந்தது, உடனே எழுதுகிறேன். கடையை ஒரு பக்கக் கதவு சாத்தியிருக்கிறேன்.

நின்றுகொண்டா சாப்பிட்டாள்? உட்காரக்கூட இல்லையா? விரலால் வழித்தாள் என்றால் எந்த விரல், ஆள்காட்டி விரலா? சின்னப் பெண்ணாக இருந்தபோதும் அப்படித்தான். அடி வாங்குவாள், அப்புறமும் வழிப்பாள். அடுத்த கடிதத்தில் இதையெல்லாம் விவரமாக எழுதுங்கள். நீங்கள் புத்தகம் கட்டுகிறவர், பக்கத்துக்கா பஞ்சம்?

இன்னொரு விஷயம். என் கடைக்கு வருகிற வாத்தியார் ஒருத்தருக்கு வயிற்றில் ஏதோ புண். பாலும் கூடாது, பாலில் செய்த எதுவும் கூடாது என்று மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டாராம். பாவம், ஒண்டிக்கட்டை, என்ன சாப்பிடுவது என்றே தெரியாமல் தவிக்கிறார். நீங்கள் இருவரும் வீட்டில் என்னென்ன சமைக்கிறீர்கள் என்று எழுதினால் அவரிடம் சொல்லுவேன். அவள் கைப்பக்குவமாக இருந்தால் நல்லது. அவளிடம் வாத்தியாருக்கு என்றே சொல்லுங்கள்.

அத்தை


மார்ச் 25

அம்மா,

முதலில் நலம் விசாரிக்க வேண்டும். அதை அப்புறம் விசாரிக்கிறேன். இப்போது எனக்கு இருக்கிற கோபத்துக்கு அது பொய்யாக இருக்கும்.

நேற்று அவருடைய பசைத் தூரிகைகள் வைத்திருக்கும் டப்பாவில் ஒரு துண்டுத் துணியைப் பார்த்தேன். ஓரத்தில் நீல நூலில் மடித்துத் தைத்திருந்தது. கோணல் மாணலான தையல், ஒரு இடத்தில் நூல் அறுந்து மறுபடி தொடங்கியிருந்தது. எனக்கு அது தெரியாதா அம்மா? நான் முதன்முதலில் ஊசி பிடித்துத் தைத்த ஓரம். நீ பால் வடிகட்டுவதற்கென்று கிழித்த துணி. "இதை என்ன செய்தீர்கள்" என்று கேட்டேன். அவர் மூஞ்சியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உன் கடிதங்களையெல்லாம் எடுத்து நீட்டிவிட்டார்.

துணியை மாட்டுத் தயிரில் முக்கி நிழலில் காயவைத்து அனுப்பியிருக்கிறாய். அதில் உறைந்த தயிரில் ஒரு கரண்டி எடுத்து அடுத்தது, அதில் ஒரு கரண்டி எடுத்து அதற்கடுத்தது. இத்தனை நாளும் அதைத்தான் சாப்பிட்டிருக்கிறேன். வாசனையை வைத்தே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், புரிந்துகொள்ள மனசு வரவில்லை. அந்த ஆத்திரமும் சேர்ந்துதான் எழுதுகிறேன்.

ஒரு சொட்டுதானே என்பாய். சொட்டு எனக்குப் பெரிசில்லை. என்னிடம் கேட்டிருக்கலாமே? பால் கறக்கிற நேரத்தில் கட்டியிருக்கும் கன்று கத்தும். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து அறையில்தான் நான் படுத்தேன், படித்தேன். உனக்கு அது கடை திறக்கிற நேரம். எனக்கு அப்படி இல்லை. இதை நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்? நீ ஒரு தரமாவது காது கொடுத்திருந்தால் பந்தியில் நான் பரிமாறுகிறவரிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

தயிரைக் கொட்டிவிட்டேன். அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரோடும் பேசவில்லை.

மகள்

உன் வாத்தியாருக்கு: பருப்பைக் குழைய வேகவைத்து, கேரட்டும் பூசணியும் போட்டு, உப்பும் இஞ்சியும் மட்டும் சேர்க்கச் சொல். காரம் வேண்டாம். புண் ஆறும்வரை கடலைப்பாலும் வேண்டாம், அரிசிக்கஞ்சி போதும். அந்த மனுஷர் மேல் எனக்குக் கோபமில்லை.


ஏப்ரல் 20

அன்புள்ள அத்தைக்கு,

நலமாக இருக்கிறீர்களா? இதை மரியாதைக்காகக் கேட்கவில்லை. அவள் கடிதம் எழுதி இத்தனை நாளாகியும் உங்களிடமிருந்து பதிலே இல்லை. கடைக்குப் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

தப்பு என்னுடையது. குடையாதீர்கள் என்று நீங்கள் எழுதியதுமே நான் குடைந்திருக்க வேண்டும். அவள் ஆசையாகச் சாப்பிடுவதைப் பார்க்கும் ஆசையில் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, "இனிமே இப்படிச் செய்யாதீங்க" என்றாள். அதோடு முடிந்தது.

ஆனால் தபால்காரர் வருகிற நேரத்தில் தையல் மெஷினை நிறுத்திவிடுகிறாள். ஏன் நிறுத்துகிறாய் என்று கேட்டால் நூல் சிக்கிவிட்டது என்கிறாள். தினமும் அதே நேரத்தில் நூல் சிக்குகிறது. அந்தத் துணித் துண்டையும் தூக்கிப் போடவில்லை. துவைத்து, ஊசிகள் குத்திவைக்கிற திண்டின் மேல் வைத்துத் தைத்துக்கொண்டாள்.

ஒரு வரி எழுதுங்கள் அத்தை. திட்டியாவது எழுதுங்கள்.

மருமகன்


மே 6

என் கன்னுக்குட்டிக்கு,

அப்படிக் கூப்பிட்டு எவ்வளவு காலமாயிற்று. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, இனி அப்படித்தான் எழுதுவேன்.

உன் கடிதம் கிடைத்தது. நல்லா திட்டியிருக்கிறாய். கடித உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததுமே கல்லாவுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். திட்டினாலும் என் மகள் என்னைத் திட்டியிருக்கிறாள், வேறு யாரையோ விட்டுச் சொல்லவில்லை. தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு தினம் ஒரு தரம் திட்டு வாங்கினேன்.

பதில் தாமதமானதற்குக் காரணம் கடையில் வேலை. தவிர அந்த வாத்தியாரை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள், போக வர இருந்தேன். ஜன்னலோரக் கட்டில் கிடைத்ததால் காற்று வந்தது. பக்கத்துக் கட்டில்காரி குறட்டை விட்டாள் பார், கூரை போய்விடும் போலிருந்தது. உப்பில்லாத கஞ்சி. நீ எழுதிய பருப்பும் பூசணியும்தான் வீட்டுக்கு வந்தபின் காப்பாற்றின. வாத்தியாரைச் சொல்கிறேன்.

இப்போது துணி. வேறு துணி கைக்குக் கிடைக்கவில்லை என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பொய் எதற்கு? தேடித்தான் அந்தத் துணியை எடுத்தேன். நீ தைத்த ஓரமாகப் பார்த்துத்தான் வெட்டினேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பாலில்லாத உறை உண்டா என்று மாப்பிள்ளை கேட்டாரே, உண்டு. பச்சை மிளகாயின் காம்பைக் கிள்ளிப் போட்டால் போதும், உறைந்துவிடும். தயிர் விற்கிற எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் எழுதவில்லை. மிளகாய்க் காம்பு எந்தக் கடையிலும் கிடைக்கும். அதில் தயிர் உறைந்தால் அது என் தயிரா? உன் வாயில் என் கையிலிருந்து ஏதாவது ஒன்று போக வேண்டும் என்று இருந்தது. உன்னைக் கேட்டால் வேண்டாம் என்பாய். அதனால் கேட்கவில்லை. இவ்வளவுதான் விஷயம். கேட்டிருக்க வேண்டும்.

கன்று கத்துவதைப் பற்றி எழுதியிருந்தாய். படுத்திருந்த நாட்களில் எனக்கும் அந்தப் பக்கத்து அறைதான். காலையில் ஆள் வைத்துக் கறந்தபோது கேட்டேன். இத்தனை வருஷமாக அந்த நேரத்தில் பால் குவளையும் கையுமாக நின்றிருக்கிறேன், படுத்துக்கொண்டு கேட்டதில்லை. மாடுகளை விற்க மாட்டேன், நீயும் அதைச் சொல்லாதே, எனக்கு வேறு தொழில் தெரியாது. ஆனால் இப்போதெல்லாம் கன்று வயிறு நிறையக் குடித்து அதுவாக விலகிய பிறகுதான் கறக்கிறேன். பால் குறைகிறது. குறையட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளையைத் திட்டாதே.

அம்மா


மே 11

அன்புள்ள அம்மா,

எப்படி இருக்கிறாய்? உண்மையைச் சொல், எப்படி இருக்கிறாய்?

ஆண் வாத்தியாருக்குப் பெண்கள் பகுதியில், குறட்டை விடுகிற பொம்பளைக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுக் கொடுத்தது எந்த மருத்துவமனை? வாத்தியார் படுத்திருந்தால் உனக்கு எப்படிப் பக்கத்து அறையில் கன்று கத்தும்? பொய் சொல்வதற்கும் ஒரு கைப்பழக்கம் வேண்டும் அம்மா. உனக்கு அது சுட்டுப் போட்டாலும் வராது. இவர் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, "வாத்தியார் யாருன்னு இப்பத்தான் புரியுதா உனக்கு? நீ பருப்பு எழுதி அனுப்பினப்பவே நான் கண்டுபிடிச்சிட்டேன்" என்கிறார். சொல்லாமல் இருந்ததற்கு மறுபடி ஒரு வேளை பேசவில்லை.

நீ ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்திருக்கிறாய். நான் இங்கே தபால்காரரைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகையாக வருகிறது, விக்கலும் சேர்ந்து வருகிறது. எழுத்து கோணலாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

பால்காரிக்குப் பால் ஆகாது என்று மருத்துவர் சொன்னபோது உன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது. கோபித்துக்கொள்ளாதே. உன் கடையில் உனக்கே ஒன்றும் கிடையாது என்றால் எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். தயிர் இல்லாமல் தூக்கத்தில் உளறினவள் நான்.

இத்துடன் ஒரு பொட்டலம் வருகிறது. உள்ளே பாத்திரக் குல்லா ஒன்று. நம் வீட்டுப் பெரிய பாத்திரத்தின் சுற்றளவை ஞாபகத்தில் வைத்துத் தைத்தேன், சரியாக இருக்கும். உள்பக்கம் என் பழைய பள்ளிக்கூடச் சட்டைத் துணி. வெளிப்பக்கம் இவருடைய பட்டறையில் புத்தக அட்டைக்கு ஒட்டி மிஞ்சிய துணி, சிவப்பு. புண் ஆறிவிட்டது, கடலைப்பால் சாப்பிடலாம் என்று மருத்துவர் சொன்னதும் நீயே காம்பு போட்டு உறைய வை. முதல் தரம் நீர்த்துப்போகும் என்று இவர் படித்தாராம். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உறைந்ததும் வா. பேருந்தில் வா. பாத்திரத்தோடு வா. யார் கையால் உறைந்ததோ அவர் கையால்தான் நான் சாப்பிடுவேன். இப்போது நானாகக் கேட்கிறேன், கேட்டுக்கொள்.

உன் கன்னுக்குட்டி

இவர் உனக்கு அடுப்படியில் ஒரு நாற்காலி செய்து வைத்திருக்கிறார், முழங்காலுக்கு உயரமாக. மாவுப் பசையில் ஒட்டியிருக்கிறார். உட்காரும்போது மெதுவாக உட்கார்.


ஜூன் 30

அன்புள்ள மகளுக்கும் மாப்பிள்ளைக்கும்,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். வயிறு சமத்தாக இருக்கிறது. முழங்கால் வழக்கம்போல் பேசுகிறது. அந்த நாற்காலி உடையாமல் என்னைத் தாங்கியதே, மாப்பிள்ளை பசைக்கு என் நற்சான்று.

வரும்போது பாத்திரம் கனத்தது. முதலில் உறைந்தது மோர் மாதிரி இருந்தது, அதை எடுத்து உறையவைத்தது கொழகொழவென்று வந்தது, அதற்கடுத்ததுதான் தயிர் என்று ஒப்புக்கொண்டேன். அதைத்தான் கொண்டுவந்தேன். வழி முழுக்க ஒரே கவலை. குலுங்கினால் உடைந்துவிடும், உடைந்தால் நீ என்ன நினைப்பாய், ஒருவேளை கடைசி நேரத்தில் வேண்டாம் என்றுவிடுவாயோ, பேருந்து நிலையத்திலேயே இறங்காமல் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பைத்தியக்காரி. இறங்கினால் நீ நிற்கிறாய். என்னைப் பார்ப்பதற்கு முன்னால் குல்லாவைத் தொட்டு, "சரியா இருக்காம்மா?" என்று கேட்டாய். தையல்காரிக்குத் தன் தையல்தான் பெரிசு என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் வீடு வரும்வரை நீ குல்லாவிலிருந்து கையை எடுக்கவில்லை.

சாப்பிடும்போது நான் கரண்டியைத் தேடினேன். நீ கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு உள்ளங்கையை நீட்டினாய். "இதுலயே போடு, சின்னப்புள்ளைல போடுவியே" என்றாய். போட்டேன். அப்புறம் ஆள்காட்டி விரலால் வழித்தாய். நான் அடிக்கவில்லை. மாப்பிள்ளை எழுந்து போய் அடுப்பில் இல்லாத எதையோ கிண்டிக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் பேசாமல் இருந்ததற்குக் காரணம், பேசினால் எனக்கும் விக்கல் வந்துவிடும். அது உனக்கு எங்கிருந்து வந்தது என்று நினைத்தாய்?

கடையில் ஒரு மூலையில் கடலைத் தயிருக்குத் தனிப் பானை வைத்திருக்கிறேன். பால் சாமான் எதுவும் அதன் பக்கத்தில் போகாது, கரண்டிகூட வேறு. வேடிக்கையைக் கேள், நிஜமாகவே ஒரு வாத்தியார் வந்து வாங்கிக்கொண்டு போகிறார். அவருக்கும் வயிறு சரியில்லையாம். நான் பொய் சொன்னது அவருக்குப் போய் ஒட்டிக்கொண்டதோ என்று பயமாக இருக்கிறது.

திரும்பி வந்த கதையைச் சொல்லவேண்டும். நீ கழுவிக் கவிழ்த்து, துடைத்துக் கொடுத்த பாத்திரத்தோடு ஏறி உட்கார்ந்தேன். நடத்துநர் வந்து, "காலிப் பாத்திரந்தானேம்மா, மேல வச்சிட்டு வசதியா உக்காருங்களேன்" என்றார்.

"வேண்டாம்ப்பா, மடியிலயே இருக்கட்டும்" என்றேன்.

அம்மா